சட்டி காயிற நேரம்

அந்தக் கறுப்புக் கோட்டு உன்னோடதா தாயி? மடியில மடிச்சு வச்சிருக்கியே, அதான். வக்கீலா நீ? பாத்தா காலேசுக்குப் போற புள்ள மாதிரி இருக்க. கொஞ்சம் நகந்து உக்காரு, எனக்கு முழங்கால் மடங்காது. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்.

டிக்கெட்டா? எனக்கு எடுத்தாச்சுப்பா. அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல பச்சைச் சேலை கட்டி ஒருத்தி இருக்காள்ல, அவ எடுத்துட்டா.

என் மருமக தாயி அவ. தவமணின்னு பேரு. பக்கத்துல பையை வச்சு எனக்கு எடம் போட்டுத்தான் வச்சிருக்கா. நான்தான் இங்கிட்டு வந்துட்டேன். அவகூட ஒட்டி உக்கார முடியல. ஒரே கோர்ட்டுக்குப் போயிட்டு ஒரே வீட்டுக்குத்தான் திரும்புறோம். ஆனா அவ வாதி, நான் பிரதிவாதி. சிரிக்காத. பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்கு. ஒரே ஒலையில சோறு பொங்கித் திங்கிற ரெண்டு பேரு நாங்க.

உன்கிட்ட ஒன்னு கேக்கணும். பிரசம்ப்ஷன்னா என்ன தாயி? நான் சரியாச் சொல்றேனா? இந்த வார்த்தை என் வாயில நுழையிறதுக்கே எம்புட்டோ நாளாச்சு. எங்க வக்கீலு ஒரு அர்த்தம் சொன்னாரு. ஜட்ஜம்மா ஒரு அர்த்தம் சொன்னாக. எம் பேத்தி பள்ளிக்கூடத்துப் புள்ள, அவ ஒன்னு சொன்னா. மூணும் எனக்குப் புரிஞ்சுதான் இருக்கு. புரிஞ்சதுதான் ஒப்பல. நீ படிச்ச புள்ள. நான் சொல்றதைக் கேட்டுட்டு, சரியாப் புரிஞ்சிருக்கேனான்னு மட்டும் சொல்லு.

எம் மகன் காசிமாயன். முறுக்குக் கம்பெனி வேலைக்கு வடக்க போனவன். எங்க பக்கத்துல ஆம்பளைக நெறயப் பேரு அதுக்குத்தான் போவாக. கம்பெனின்னா பெருசா நெனைக்காத. ஒரு ரூம்பு, ஒரு பெரிய சட்டி, நாலஞ்சு பேரு. முறுக்கைச் சுட்டு, சைக்கிள்ல கட்டிக் கடை கடையாப் போடுறது. இவன் சட்டியில நிக்கிறவன். கை ரெண்டுலயும் எண்ணெய் தெறிச்ச தழும்பு. ஊருக்கு வந்தா நான் அந்தக் கையத்தான் மொதல்ல பிடிச்சுப் பாப்பேன், புதுசா எதுவும் இருக்கான்னு.

விடியக்காலம் அடுப்பப் பத்தவச்சு எண்ணெய ஊத்திட்டா, அது காயிற வரைக்கும் அவனுக்குச் சோலி கெடையாது. அந்த நேரத்துக்கு எனக்குப் போன் பண்ணுவான். "ஆத்தா, சட்டி காயுது, சொல்லு"ம்பான். நான் என்னத்தச் சொல்ல? மாடு பால் கொறச்சிருச்சு, பக்கத்து வீட்டுக்காரி வேலியத் தள்ளிப் போட்டுட்டா, உம் பொண்டாட்டி கொழம்புல புளிய அள்ளிக் கொட்டிட்டா. எல்லாத்தையும் கேப்பான். "காஞ்சிருச்சு ஆத்தா, வைக்கிறேன்"ம்பான். அம்புட்டுத்தான். பொண்டாட்டிக்கு வேலை முடிஞ்சு பண்ணுவான், அது வேற. அன்னன்னைக்கு மொதப் பேச்சு எனக்கு.

அந்த வருசம் சிவராத்திரிக்குச் சாமி கும்பிட வந்தான். வந்தவன், பொண்டாட்டி புள்ளையையும் அங்கயே கூட்டிட்டுப் போறேன்னான். நீயும் வா ஆத்தான்னு என்னையும்தான் கூப்பிட்டான், இல்லேங்கல. எனக்குத் தெரியும், அது யாரு ஓதி விட்டதுன்னு. பாசை தெரியாத ஊர்ல நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது? போறதுன்னா போங்கடான்னேன். போயிட்டு எனக்குப் போன் கீன் பண்ணாத, பண்ணுனாலும் எடுக்க மாட்டேன், எனக்கு மகன் இல்லேன்னு நெனச்சுக்கிறேன்னேன். வாயில வர்றதுதானே தாயி. எந்தத் தாய் பேசல?

அவன் பையத் தூக்கிட்டுப் போயிட்டான். ஒத்தையிலதான் போனான். இவளையும் புள்ளையையும் எங்கிட்டயே விட்டுட்டுத்தான் போனான். அதையும் சொல்லணும்ல.

ஆனா போன் பண்ணல. ரோசக்காரன், நான் பெத்ததுதானே. இவளுக்குப் பண்றான், எனக்குப் பண்ணல. நானும் கேக்கல. போனை இடுப்புலயே சொருகி வச்சிருந்தேன், அது வேற விசயம். ஒரு ஒன்னரை மாசம் ஓடியிருக்கும். வேற கம்பெனிக்கு மாறுறேன்னு துணிமணிய எடுத்துக்கிட்டு ரூம்ப விட்டுக் கெளம்புனவன், அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேரல. அம்புட்டுத்தான் தெரியும். இன்னைய வரைக்கும் அம்புட்டுத்தான்.

என் தம்பி ஆளுகளோட போயி அலைஞ்சான். போலீசுல எழுதிக் குடுத்தோம். பேப்பர்ல படம் போட்டோம். ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேசன், ஒன்னும் பாக்கி இல்ல. ஊரே வந்து எங்க வீட்டுல அழுதுச்சு. இவ சொவத்துல முட்டிக்கிட்டு அழுதா. நான் அழுகல. கல்லு மாதிரி இருக்கா பாருன்னு பேசுனாக. எதுக்கு அழுகணும்? அவன் ஏன் பேசலேன்னு எனக்குத் தெரியும்ல. நான் பேசாதன்னேன், பேசல. கோவம் ஆறுனா ஒரு நா காலையில அடிக்கும். அந்த நெனப்புலதான் தாயி நான் சோறு தின்னேன். ஊரு பூராம் புதுப் போனு வாங்கிருச்சு, நான் இந்தப் பட்டன் போனை விடல. நம்பரு மாறிப் போச்சுன்னா?

இப்படி ஏழு வருசம் போச்சு. அப்பத்தான் இவ கேஸ் போட்டா.

எதுக்குன்னு கேளு. வீட்டு மனை அவன் பேருல கெடக்கு. தாலுகாபீசுக்குப் போனா, புருசன் இருக்கான்னா கூட்டிட்டு வா, செத்துட்டான்னா சர்டிபிகேட்டக் கொண்டாங்கிறாக. புள்ளையப் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கப் போனாலும் அதே கேள்வி. அப்படின்னு இவ சொல்றா. நான் நம்பல. எளவட்டப் பொம்பள, இன்னொருத்தனக் கட்டிக்கத்தான் வழி பண்றான்னு ஊரு கேக்கச் சொன்னேன். அவ காதுலயும் விழுந்திருக்கும். விழட்டும்னுதான் சொன்னேன்.

நோட்டீசு எனக்கும் வந்துச்சு. அதைத் தூக்கிட்டு எங்க வக்கீலுகிட்ட ஓடுனேன். அவர்தான் இந்தப் பிரசம்ப்ஷனைச் சொன்னாரு. "ஒரு ஆளப் பத்தி ஏழு வருசமா ஒரு தகவலும் இல்லேன்னா, சட்டம் அந்த ஆளு செத்துட்டதா வச்சுக்கும். அதான்மா பிரசம்ப்ஷன்."

வச்சுக்குமா? கல்யாணத்துக்கு வாங்குன வாடகைப் பாத்திரமா வச்சுக்கிறதுக்குன்னு கேட்டேன். வீட்டுக்கு வந்து பொலம்புனா, எம் பேத்தி சொல்றா, "கணக்குல வச்சுக்குவாங்களே அப்பத்தா, எக்ஸ்னு வச்சுக்கொள்வோம்னு, அது மாதிரி." எம் மகன் அவளுக்குக் கணக்கு. அதுவும் என்ன செய்யும் பாவம், அப்பன் மொகமே அதுக்குப் போட்டோவுலதான்.

யாரு மெய்ப்பிக்கணும்னு கேட்டேன். அவன் உசுரோட இருக்கான்னு யாரு சொல்றாகளோ அவுகதானாம். பெத்தவ நான், எம் மகன் உசுரோட இருக்கான்னு நான் சாட்சி கொண்டாரணுமாம். செத்தான்னு சொல்றவ சும்மா இருந்தாப் போதுமாம். இது எந்த ஊரு ஞாயம்? நீயே சொல்லு. அதான் சட்டமா? சரி.

ஆனா அதுல ஒரு சந்து இருக்குன்னாரு எங்க வக்கீலு. அங்கதான் தாயி எனக்கு உசுரு வந்துச்சு. தகவல் இல்லேன்னா, யாருக்குத் தகவல் இல்ல? போற வர்றவனுக்கு இல்ல. அந்த ஆளு உசுரோட இருந்தா இயல்பா யாரோட பேசியிருப்பானோ, அவுகளுக்குத் தகவல் வந்திருக்கக் கூடாது. அப்படித்தான் அந்தச் சட்டத்துல எழுதியிருக்காம். கோவிச்சுக்கிட்டுப் பேச்சை முறிச்சுட்டுப் போனவன் பேசலேன்னா, அதுக்கு அவன் செத்துட்டான்னு அர்த்தமில்லியாம். "கோவத்துல பொண்டாட்டியையும் சேத்து விட்டுட்டாருன்னு நான் வாதாடிக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் சண்டை, போன் பண்ணாதன்னீங்க, அவரும் பண்ணல. அதைக் கூண்டுல ஏறிச் சொல்லுங்க போதும்"னாரு.

அப்ப அந்தச் சண்டைதான் எம் மகனுக்கு உசுரு. எம்புட்டுச் சந்தோசமா வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? நல்லவேளை, அன்னைக்குத் திட்டி அனுப்புனோம்னு நெனச்சேன். இப்படி நெனச்ச தாய் உலகத்துல ஒருத்தி இருப்பாளா?

மொதல்ல இவதான் கூண்டுல ஏறுனா. எங்க வக்கீலு கேட்டாரு. உங்க மாமியாருக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சண்டை வந்துச்சா? வந்துச்சு. போன் பண்ணாதேன்னு சொன்னாங்களா? சொன்னாங்க. அதுக்கப்புறம் அவரு தாயாருக்கு ஒரு தடவையாவது போன் பண்ணுனாரா? பண்ணல. எல்லாத்துக்கும் ஒழுங்காப் பதில் சொன்னா. நான் பெஞ்சுல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டிருந்தேன். அதோட விட்டிருக்கலாம் அந்த மனுசன். இன்னொன்னு கேட்டாரு. "அப்போ அவரு உயிரோட இருந்தாலும் தாயார்கிட்டப் பேசமாட்டார், சரிதானே?"

இவ சேலைத் தலைப்ப இழுத்துக் கையில சுத்திக்கிட்டு நின்னா. ஜட்ஜம்மா, பதில் சொல்லுங்கன்னாக.

சொன்னா. "பேசமாட்டாருதான்யா. ஆனா அவுங்க குரலைக் கேக்காம அவரால இருக்க முடியாது. காலையில சட்டி காயிற நேரத்துக்கு எனக்குப் போன் போடுவாரு. போனைக் கட் பண்ணாம கையில வச்சுக்கிட்டு ஆத்தா பக்கத்துல போ, எதையாவது கேளு, பேச வைன்னு சொல்லுவாரு. நான் போயி எதையாவது கேப்பேன். அத்தை பேசுவாங்க. அவரு கேட்டுக்கிட்டு இருப்பாரு. எண்ணெய் காஞ்சதும் வச்சுருவாரு. ஒருநா தவறுனதில்ல. என்மேல கோவம்னா எத்தனை வருசம் வேணாலும் பேசாம இருப்பாரு. அவுங்க ஆத்தா குரலைக் கேக்காம இத்தனை வருசம் உசுரோட இருக்க மாட்டாருய்யா."

எங்க வக்கீலு கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு.

எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்காத. எனக்கு உப்புத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஒன்னரை மாசமும் இவ காலங்காத்தால போனைக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து நிப்பா. "அத்தை, உப்பு எங்க?"ம்பா. உப்புச் சாடி அவ மூஞ்சிக்கு நேரா இருக்கும். மறுநா வந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா அத்தை?" மாடு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும். நான் வையாம இருப்பேனா? கண்ணு அவிஞ்சு போச்சாடி, எம் மகனுக்குன்னு தேடிப் புடிச்சேன் பாருன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டா. போனை இப்படி நெஞ்சுக்கிட்ட வச்சுக்கிட்டு நிப்பா. என்னைய மதிக்காம போனையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு அதுக்கும் வைவேன்.

அம்புட்டையும் அவன் கேட்டிருக்கான். அங்க சட்டி முன்னாடி குத்த வச்சு உக்காந்துக்கிட்டு.

ஒருநா நான் சொன்னேன் தாயி. "அவன் எங்கிட்டாவது தொலையட்டும், எனக்கென்ன"ன்னு சொன்னேன். அன்னைக்கு இவ கையில போன் இருந்துச்சா இல்லியா, எனக்கு ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் இவ மூஞ்சி தெரியுது, கை தெரியமாட்டேங்குது. இவகிட்டக் கேட்டாச் சொல்லிருவா. கேக்க எனக்கு வாய் வரல.

அடுத்த வாய்தாவுக்கு நான் ஏறணும். எங்க வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. "அந்தப் பொண்ணு சொன்னதுக்கு ஒரு சாட்சியும் கெடையாதும்மா. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படி எதுவும் எனக்குத் தெரியாதுன்னாவது சொல்லுங்க. கேசு நிக்கும்." சரிய்யான்னுதான் சொல்லிட்டுப் போனேன். சத்தியமா அதைச் சொல்லத்தான் ஏறுனேன்.

இவ வக்கீலு எந்திரிச்சுக் கேட்டாரு, "உங்க மருமக சொன்னது பொய்யா?"

பொய்னு சொன்னா எம் மகன் உசுரோட இருக்கான். எங்கயோ ஒரு ஊர்ல, என்னைய வேணாம்னுட்டு, எங் கொரலே வேணாம்னுட்டு இருக்கான். நெசம்னு சொன்னா எம் மேல உசுரா இருந்தான். இருந்தான். ரெண்டுல எதைச் சொல்லுவ நீ? நீ சொல்லாத, நீ சின்னப் புள்ள.

"நெசம்"னு சொல்லிட்டேன். "உப்பு எங்கன்னு கேப்பாய்யா"ன்னேன். இவதான் வந்து கையப் பிடிச்சு எறக்குனா. பிரதிவாதியை வாதி எறக்குறான்னு யாரோ பின்னாடி சொன்னாக. நான் கையை உதறிட்டேன்.

வெளிய வேப்பமரத்தடியில வச்சுக் கேட்டேன் இவளை. ஏண்டி அப்பவே எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆசையா நாலு பேசியிருப்பேனே, சாப்பிட்டியாய்யான்னு கேட்டிருப்பேனேன்னேன். அவ சொல்றா, "சொன்னா நீங்க வீம்புக்குப் பேசுறதையே நிறுத்திருவீங்க அத்தை. அவரு உங்க கொரலைக் கேக்க முடியாமப் போயிரும்."

திமிரப் பாத்தியா? என்னைய எப்படி எடை போட்டு வச்சிருக்கா பாரு. நான் அப்படியா செஞ்சிருப்பேன்? செஞ்சிருக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்கு வேணா செஞ்சிருப்பேன்.

நான் வையும்போது அவன் என்னடி சொல்லுவான்னு கேட்டேன். சிரிப்பாராம். "இங்க சட்டி காயுது, அங்க எங்க ஆத்தா காயிறா"ம்பாராம்.

தீர்ப்பு சொல்றன்னைக்கு ஜட்ஜம்மா என்னைய முன்னாடி கூப்பிட்டாக. நல்லவுக. தமிழ்லயே சொன்னாக. "அம்மா, உங்க மகன் செத்துட்டாருன்னு நான் சொல்லல. செத்துட்டதாச் சட்டம் அனுமானிக்குது. இதை மாத்த முடியாதுன்னு இல்ல. நாளைக்கே அவரு வந்து நின்னா இந்தத் தீர்ப்பு செல்லாமப் போயிரும்." வந்து நின்னா! கும்பிட்டுட்டு வந்தேன். இன்னைக்குத்தான் நகல் குடுத்தாக. அந்தா, அவ பக்கத்துல இருக்கிற பைக்குள்ள இருக்கு.

எப்பச் செத்தான்னு போட்டிருக்கான்னு எங்க வக்கீலைக் கேட்டேன். தேதி கெடையாதாம். செத்ததா வச்சுக்குமே தவிர, என்னைக்குன்னு சட்டத்துக்குத் தெரியாதாம். அப்ப நான் எந்தத் திதியில சோறு படைக்கிறது? பூசாரி கேக்குறான், நாள் சொல்லு ஆத்தான்னு. யோசிச்சுப் பாத்தேன். கூண்டுல ஏறி நான் நெசம்னு சொன்னேன்ல, அந்த நாளைச் சொல்லிட்டேன். அது வரைக்கும் அவன் இருந்தான் தாயி. என்னைப் பொறுத்த மட்டுக்கும் இருந்தான்.

இவளைப் பாரு. புருசன் செத்துட்டான்னு கவருமெண்டு சீல் குத்தி வாங்கிட்டு வர்றா, தலையில பூவு. கழுத்துல தாலி. ஏண்டி கேசையும் ஜெயிச்சுட்டுப் பூவையும் வச்சிருக்கன்னு காலையில கேட்டேன். "அது ஆபீசுக்கு அத்தை"ங்கிறா. கூறுகெட்டவ. ஒன்னு இருக்கான்னு சொல்லு, இல்ல இல்லேன்னு சொல்லு. ரெண்டையும் எப்படி ஒரே தலையில வச்சுக்கிட்டுத் திரியிறது?

என்ன சொல்ற? நான் சரியாத்தான் புரிஞ்சிருக்கேனா? ஆமாவா. நீயும் அதையே சொல்ற. சரி. ஏன் கண்ணத் துடைக்கிற? கோட்டுப் போடுறவ இதுக்கெல்லாம் அழுதா எப்படி?

அப்ப இன்னும் ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன், எங்க ஊருக்குப் பிரியிற விலக்கு வந்துருச்சு. இனி அவன் செத்ததா வச்சுக்கிட்டாச்சு. சரி, வச்சுக்கட்டும். ஆனா காலையில அந்த நேரத்துக்கு நான் கொஞ்சம் சத்தமாப் பேசுனா, அதுக்குச் சட்டத்துல தடை ஒன்னுமில்லியே? வேற ஒன்னுமில்ல. வீட்டு வேலைதான். மாடு, தண்ணி, உப்பு.

அந்தா கூப்பிடுறா பாரு. எந்திரிக்கிறேன், அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிறேன், கொஞ்சம் தள்ளிக்க.

வர்றேன்டி! கண்ணு தெரியுதுல்ல, வர்றேன்! சேலை தடுக்காம எறங்கத் தெரியும் எனக்கு, நீ மொதல்ல பையப் பாத்து எடு! காலையில சாப்பிட்டதுதான், வயிறு கெடந்து எரியுது, அவன் அங்க சாப்பிட்டானோ என்னவோ!

பயந்துட்டியா தாயி? உன்னைச் சொல்லல. சத்தமாத்தான் சொன்னேன். அவ கையில போன் இருக்கு பாரு.